முதலில் குதித்த தளபதி: அநாதைச் சிறுவன் ஜேம்ஸ் கேவின், அமெரிக்க பாராசூட் படையின் முகமாக மாறியது எப்படி?

விமானத்தின் கதவு திறந்ததும் முதலில் குதிக்க வேண்டியவர் அதிகாரி. தரையில் சாப்பாட்டுக்கு வரிசை கட்டும்போது கடைசியில் நிற்க வேண்டியவரும் அவர்தான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனா, நூற்றுக்கணக்கான அடி உயரத்தில், இருட்டில், கீழே எதிரி துப்பாக்கியோடு காத்திருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது அவ்வளவு லேசு இல்லை.

இரண்டாம் உலகப் போரில் தன் படையில் இந்த வழக்கத்தைக் கறாராக நடத்திக் காட்டியவர் ஜேம்ஸ் கேவின். அந்தப் போரில் நான்கு முறை போர்க்களத்தில் பாராசூட்டோடு குதித்த ஒரே அமெரிக்க ஜெனரல் இவர். 37 வயதில் ஒரு டிவிஷனுக்கே தளபதி. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவ்வளவு இளம் வயதில் மேஜர் ஜெனரலாக டிவிஷனை நடத்தியவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் அவருடைய கதை வெறும் வீரக் கதை கிடையாது. கறுப்பின வீரர்களைத் தன் டிவிஷனில் சேர்த்துக்கொண்டதும், பின்னாளில் தன் நாடு நடத்திய போரையே எதிர்த்துப் பேசியதும் அதே கதையின் பகுதிகள்தான்.

யார் இந்த ஜேம்ஸ் கேவின்?

1907 மார்ச் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் முகம் தெரியாது. குழந்தையாகவே கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 2 வயதில் பென்சில்வேனியா மாநிலத்தின் மவுன்ட் கார்மல் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு தம்பதி அவரைத் தத்தெடுத்தனர். அது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். வளர்ப்புத் தந்தையும் சுரங்கத் தொழிலாளிதான்.

வீட்டில் வறுமை. சின்ன வயதிலேயே பேப்பர் போடப் போனார். 11 வயதில் இரண்டு தெருக்களின் பேப்பர் லைன் அவர் கையில் இருந்தது. வெளியூர்ப் பத்திரிகைகளுக்கும் அவர்தான் ஏஜென்ட். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. செருப்புக் கடையில் எழுத்தர், பெட்ரோல் பங்க்கில் வேலை என்று ஓடியது. அந்த ஊர்ப் பையன்களுக்குக் கடைசியில் போய்ச் சேருமிடம் சுரங்கம்தான். அவருக்கு அதில் இஷ்டமில்லை.

17-வது பிறந்தநாளன்று வீட்டை விட்டுக் கிளம்பி நியூயார்க்குக்கு ரயிலேறினார். ராணுவத்தில் சேரலாம் என்று போனால் அங்கே ஒரு சிக்கல். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். தான் ஒரு அநாதை என்று சொன்னார். ஆள் சேர்த்த அதிகாரி அவரையும், அவரைப்போல வயது குறைந்த வேறு சில பையன்களையும் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். அந்த வக்கீல் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், 1924 ஏப்ரலில் கேவின் சிப்பாய் ஆகிவிட்டார்.

பனாமாவில் கடலோர பீரங்கிப் படையில் வேலை. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பையன் என்பதை மேலதிகாரிகள் கவனித்தார்கள். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர் அதில் தேறினார். 1925-ல் அகாடமியில் சேர்ந்த பிறகும் பாடங்கள் மலைபோல இருந்தன. விடிகாலை 4.30-க்கு எழுந்து, வெளிச்சம் இருந்த ஒரே இடமான கழிப்பறையில் உட்கார்ந்து படித்தார். 1929-ல் பட்டம் பெற்று அதிகாரியானார்.

விமானியாக ஆசைப்பட்டுப் பயிற்சிக்குப் போனார், தேறவில்லை. பிறகு அரிசோனா எல்லையோரத்தில் 25-வது காலாட்படை ரெஜிமென்ட்டில் பணி. அந்த ரெஜிமென்ட்டின் வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அமெரிக்க ராணுவம் அப்போது நிறத்தால் பிரிந்து கிடந்தது. கறுப்பின வீரர்களுக்குத் தனிப் படை, தனிக் குடியிருப்பு, தனிச் சாப்பாட்டுக் கூடம். இந்த அனுபவத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாராசூட் படை எப்படிப் பிறந்தது?

பாராசூட்டில் படையை இறக்கும் யோசனை அமெரிக்காவில் தாமதமாகத்தான் சூடு பிடித்தது. 1930-களிலேயே சோவியத் ஒன்றியம் நூற்றுக்கணக்கான வீரர்களை ஒரே நேரத்தில் குதிக்க வைத்துக் காட்டியது. 1940 மே மாதம் ஜெர்மனி அதைப் போரிலேயே பயன்படுத்தியது. பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் கூரை மீதே கிளைடர்களில் வந்து இறங்கியது ஜெர்மன் படை. யாராலும் பிடிக்க முடியாது என்று நம்பப்பட்ட கோட்டை அது.

அதன் பிறகுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டது. வில்லியம் லீ என்ற மேஜர் இதற்காக மேலிடத்தை விடாமல் நச்சரித்தார். பின்னாளில் அமெரிக்க வான்வழிப் படையின் தந்தை என்று அழைக்கப்பட்டவர் இவர்தான். 1940 கோடையில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் 48 வீரர்கள் கொண்ட சோதனைக் குழு உருவானது. லெப்டினன்ட் வில்லியம் ரைடர் அதன் தலைவர். ஆகஸ்ட் 16 அன்று முதல் குதிப்பு. முதலில் குதித்தவரும் ரைடர்தான்.

பாராசூட் வீரர்கள் குதிக்கும்போது ஜெரோனிமோ என்று கத்துவதைச் சினிமாவில் பார்த்திருப்போம். அதுவும் இந்தக் குழுவில் பிறந்ததுதான். குதிப்புக்கு முந்தைய நாள் நண்பர்கள் சேர்ந்து அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோ பற்றிய படம் பார்த்தார்களாம். நாளைக்குப் பயத்தில் உன் பேரே உனக்கு மறந்துபோகும் என்று ஆப்ரி எபர்ஹார்ட் என்ற வீரரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். பயம் இல்லை என்று நிரூபிக்க அவர் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே குதித்தார். அதுவே வழக்கமாகிவிட்டது.

அப்போது வெஸ்ட் பாயின்ட்டில் போர்த் தந்திரம் கற்பித்துக்கொண்டிருந்த கேவின், ஜெர்மனியின் தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எதிர்காலம் இதில்தான் என்று அவருக்குப் பட்டது. விண்ணப்பித்து, 1941 ஆகஸ்டில் பாராசூட் பயிற்சியை முடித்தார்.

குதிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. குதித்த பிறகு என்ன செய்வது? சிதறி விழும் வீரர்கள் எப்படி ஒன்றுசேர்வது, டாங்கியும் பெரிய பீரங்கியும் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது? இதற்கு எழுத்தில் எதுவுமே இல்லை. வான்வழிப் படைக்கான போர்முறைக் கையேட்டை எழுதும் வேலை கேவினுக்கு வந்தது. 1942-ல் புதிதாகத் தொடங்கிய 505-வது பாராசூட் ரெஜிமென்ட்டும் அவர் பொறுப்பில் வந்தது. கையேட்டில் எழுதியதைக் களத்தில் சோதிக்க வேண்டியவரும் அவரே என்றானது.

பயிற்சி கடுமையாக இருந்தது. நீண்ட இரவு நடைகள், தூக்கமில்லாத நாட்கள், பழக்கமில்லாத இடத்தில் தனியாக விழுந்தாலும் முடிவெடுக்கும் பழக்கம். அத்தனையிலும் கர்னல் கேவின் முன்னால் நடந்தார். மற்ற உயரதிகாரிகள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நிற்க, இவர் சாதாரணச் சிப்பாய் தூக்கும் கேரண்ட் ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

சிசிலி: கையேட்டில் இல்லாத இரவு

1943 ஜூலை 9 இரவு. இத்தாலியின் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக இறங்குவதற்கு முன்பு, பாராசூட் வீரர்கள் உள்ளே குதித்து எதிரியின் வழியை மறிக்க வேண்டும். 226 சி-47 விமானங்களில் சுமார் 3,400 பேர் கிளம்பினார்கள். அமெரிக்காவின் முதல் பெரிய அளவிலான வான்வழித் தாக்குதல் இது.

திட்டப்படி எதுவும் நடக்கவில்லை. பலத்த காற்று விமானங்களைத் திசைதிருப்பியது. வீரர்கள் தீவின் தென்கிழக்குப் பகுதி முழுக்கச் சிதறி விழுந்தார்கள். கேவின் விழுந்தது குறிப்பிட்ட இடத்திலிருந்து 20 மைலுக்கும் அப்பால். தான் இருப்பது சிசிலிதானா என்பதே சிறிது நேரம் அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. 3 ஆயிரம் பேருக்குத் தலைவர். கூட இருந்ததோ விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சில பேர்.

சண்டைச் சத்தம் கேட்ட திசையைப் பிடித்து நடந்தார். வழியில் கிடைத்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, ஜூலை 11 அன்று பியாசா ரிட்ஜ் என்ற மேட்டை அடைந்தார். எதிரே ஜெர்மனியின் ஹெர்மன் கோரிங் டிவிஷன், டைகர் டாங்கிகளோடு. அமெரிக்கர்களின் பசூக்கா குண்டுகள் டைகரின் முன்பக்க இரும்பில் பட்டுத் தெறித்தன. பின்வாங்கினால், கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்த சொந்தப் படைமீது அந்த டாங்கிகள் பாயும். கேவின் மேட்டை விடவில்லை. மாலையில் அமெரிக்க டாங்கிகள் வந்து சேரும்வரை பிடித்து வைத்திருந்தார்.

அன்றிரவே இன்னொரு பெரிய சோகம். உதவிக்கு வந்த 504-வது ரெஜிமென்ட்டின் 144 விமானங்களை எதிரி விமானங்கள் என்று நினைத்து, அமெரிக்கக் கப்பல்களும் தரைப்படையுமே சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன. சொந்தத் துப்பாக்கிக்கே தங்கள் ஆட்களைப் பலிகொடுத்த இரவு அது.

இப்படி ஒரு படை தேவைதானா என்ற கேள்வியே எழுந்தது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவருக்கே, முழு டிவிஷனாக வான்வழிப் படை வைத்திருப்பதில் நம்பிக்கை போனது. ஆனால் சிதறி விழுந்த வீரர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பாதைகளை மறித்ததும், தொலைபேசிக் கம்பிகளை அறுத்ததும் எதிரியைக் குழப்பியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வட கரோலினாவில் நடந்த பெரிய ஒத்திகை வெற்றி பெற்றதும் வான்வழி டிவிஷன்கள் பிழைத்தன. அதற்கிடையே செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோ பகுதியில் கேவின் இரண்டாவது முறையாகக் குதித்திருந்தார்.

நார்மண்டி, அடுத்து நெதர்லாந்து

1944 ஜூன் 6. நார்மண்டிப் படையெடுப்பு. 82-வது மற்றும் 101-வது ஏர்போர்ன் டிவிஷன்களிலிருந்து சுமார் 13 ஆயிரம் பாராசூட் வீரர்கள் இருட்டில் குதித்தார்கள். கேவின் இப்போது பிரிகேடியர் ஜெனரல், 82-வது டிவிஷனின் துணைத் தளபதி. மெர்டெரே ஆற்றங்கரையை ஜெர்மானியர்கள் நீரில் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். முதுகில் கனமான மூட்டையோடு அந்த நீரில் விழுந்த பலர் எழவே இல்லை. லா ஃபியேர் என்ற சின்னப் பாலத்துக்காக நான்கு நாள் சண்டை நடந்தது. 33 நாட்கள் களத்தில் நின்ற 82-வது டிவிஷன், இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் என்று 5,245 பேரை இழந்தது.

பாராசூட் படையை உருவாக்கிய வில்லியம் லீ இந்தப் போரில் குதிக்க முடியவில்லை. 101-வது டிவிஷனின் முதல் தளபதியான அவருக்கு, படையெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பு மாரடைப்பு. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் கேவின் 82-வது டிவிஷனின் தளபதியானார். செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தில் நான்காவது குதிப்பு. கெட்டியான தரையில் விழுந்ததில் முதுகில் பலத்த அடி. முதுகெலும்பு உடைந்திருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த வலியோடுதான் மீதிப் போரை நடத்தினார்.

இங்கே அவர் மீது இன்றுவரை ஒரு விமர்சனம் உண்டு. நைமேகன் நகரத்தில் வால் ஆற்றின் மீதுள்ள பெரிய பாலத்தை முதல் நாளே பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கு முன்பு குரூஸ்பேக் மேட்டைப் பிடிக்காவிட்டால் டிவிஷன் மொத்தமும் சிக்கிக்கொள்ளும் என்று அவரும் அவருடைய மேலதிகாரியும் கணித்தார்கள். அந்தத் தாமதத்தில் பாலத்துக்கு ஜெர்மன் காவல் பலமானது.

விளைவு, செப்டம்பர் 20 அன்று பட்டப்பகலில், கித்தான் துணி போர்த்திய 26 படகுகளில் பாராசூட் வீரர்கள் ஆற்றைக் கடக்க வேண்டியதாயிற்று. துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையாலேயே துழாவினார்கள். சுமார் 50 பேர் உயிரிழந்தார்கள். பாலம் கிடைத்தது. ஆனால் அடுத்த ஊரான ஆர்னெமில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்களைக் காப்பாற்ற அது போதவில்லை.

1945 மே 2 அன்று வடக்கு ஜெர்மனியில், ஒரு ஜெர்மன் ராணுவத் தொகுதியே, சுமார் ஒன்றரை லட்சம் பேர், கேவினின் டிவிஷனிடம் சரணடைந்தது. அதே நாளில் அவருடைய வீரர்கள் வோபெலின் வதைமுகாமைக் கண்டுபிடித்தார்கள். பட்டினியால் இறந்தவர்களின் உடல்கள் குவிந்து கிடந்தன. லுட்விக்ஸ்லுஸ்ட் நகர மக்களையே குழி தோண்ட வைத்து, அங்குள்ள அரண்மனைப் பூங்காவில் 200 பேரை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

போருக்கு அனுப்பப்படாத பாராசூட் வீரர்கள்

இனி, முதலில் சொன்ன அரிசோனா அனுபவத்துக்கு வருவோம்.

போர்க்காலத்தில் ஃபோர்ட் பென்னிங் பாராசூட் பள்ளியில் கறுப்பின வீரர்களுக்குக் கொடுத்த வேலை காவல் காப்பது மட்டும். வால்டர் மோரிஸ் என்ற சார்ஜென்ட் ஒரு காரியம் செய்தார். வெள்ளையின வீரர்கள் மாலையில் பயிற்சி முடித்துப் போனதும், தன் ஆட்களை அதே மைதானத்தில் இறக்கி, பார்த்த பயிற்சியை அப்படியே செய்ய வைத்தார். மேலதிகாரி கண்ணில் அது பட்டது. 1944 பிப்ரவரியில் 17 பேர் அமெரிக்காவின் முதல் கறுப்பின பாராசூட் வீரர்களாகத் தேர்ச்சி பெற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 555-வது பாராசூட் பட்டாளம்.

அவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை. 1945-ல் ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். ஜப்பான் பலூன்களில் கட்டி அனுப்பிய வெடிகுண்டுகள் அமெரிக்கக் காடுகளில் விழுந்துகொண்டிருந்தன. காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து குதிக்கும் வேலை. 1,200-க்கும் மேற்பட்ட குதிப்புகள். மரங்களுக்கு நடுவே குதிப்பதில் ஒருவர் உயிரையும் விட்டார். இவ்வளவு செய்தும் அவர்களுக்குக் கிடைத்தது தனிக் கொட்டகைதான்.

1946 ஜனவரி 12 அன்று நியூயார்க்கில் வெற்றி அணிவகுப்பு. 82-வது டிவிஷன் தலைமையில் சுமார் 13 ஆயிரம் பேர் ஐந்தாவது அவென்யூவில் நடந்தார்கள். முன்னால் நடந்தவர் கேவின். 555-வது பட்டாளமும் தன் டிவிஷனோடு நடக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மற்ற வீரர்களின் அதே சீருடை, அதே சின்னம், அதே வரிசை. பின்னால் தனியாக ஒட்டவைத்த கூட்டமாக அவர்கள் வரவில்லை.

அதோடு நிற்கவில்லை. 1947 டிசம்பரில் 555-வது பட்டாளத்தைக் கலைத்து, அதன் வீரர்களை 82-வது டிவிஷனிலேயே, தான் முதலில் தலைமை தாங்கிய 505-வது ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாளமாகச் சேர்த்தார். ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில். அதாவது கேவின் அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. அதே கதவிலிருந்து அதே ஆபத்தில் குதிக்கும் ஒருவனுக்குத் தரையில் மட்டும் தனி இடம் ஏன் என்பதற்கு நியாயமான பதில் எதுவும் இல்லை.

போர் வேண்டாம் என்ற ஜெனரல்

1950-களில் கேவின் வாஷிங்டனில் உயர் பதவிக்கு வந்தார். 1954-ல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சிக்கியபோது, அமெரிக்கா உள்ளே நுழையலாமா என்ற பேச்சு எழுந்தது. அதற்கு எத்தனை டிவிஷன் வேண்டும், எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள் அவரும், அவருடைய பழைய தளபதி மேத்யூ ரிட்ஜ்வேயும். அப்போது அமெரிக்கா நுழையவில்லை.

அதே ஆண்டு, ஹெலிகாப்டரில் படையைக் கொண்டுபோய் இறக்கும் யோசனையை ஒரு பத்திரிகைக் கட்டுரையில் முன்வைத்தார். எதிர்காலக் குதிரைப்படை வானத்தில் வரும் என்பது அவர் வாதம். பாராசூட்டில் சிதறி விழும் கஷ்டத்தை நேரில் பட்டவர் ஆச்சே.

அணுகுண்டை மட்டும் நம்பி, தரைப்படையைச் சுருக்கும் அரசின் கொள்கை அவருக்கு ஒத்துவரவில்லை. 1958-ல், 51 வயதில், லெப்டினன்ட் ஜெனரலாகப் பதவியை விட்டு வெளியேறினார். கென்னடி ஆட்சியில் 1961 முதல் 1962 வரை பிரான்ஸுக்கான தூதராக இருந்தார்.

1965-ல் அமெரிக்கா வியட்நாமில் முழுமூச்சாக இறங்கியது. ஹெலிகாப்டரில் வீரர்களைக் கொண்டுபோன முதல் டிவிஷனும் அந்த ஆண்டுதான் அங்கே போனது. தான் கனவு கண்ட ஆயுதமே, தான் வேண்டாம் என்ற போருக்கு வீரர்களைச் சுமந்துகொண்டு போவதைக் கேவின் பார்க்க நேர்ந்தது.

1966 பிப்ரவரியில் செனட்டின் வெளியுறவுக் குழு முன்பு அவர் சாட்சியம் அளித்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. படையை மேலும் பெருக்க வேண்டாம், குண்டுவீச்சை நிறுத்துங்கள், கடலோரத்தில் சில இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வழி தேடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பழைய சக அதிகாரிகள் பலர் கோபப்பட்டார்கள். கோழை என்று அவரைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. மார்பில் நான்கு குதிப்புகளின் அடையாளம் இருந்ததே! 1967-ல் வியட்நாமுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கருத்து மாறவில்லை, உறுதியானது.

இன்று மிஞ்சியிருப்பது என்ன?

1990 பிப்ரவரி 23 அன்று பால்டிமோரில் கேவின் காலமானார். 83 வயதுக்கு ஒரு மாதம் பாக்கி. கழிப்பறை வெளிச்சத்தில் படித்த அதே வெஸ்ட் பாயின்ட்டில் அடக்கம் செய்தார்கள்.

82-வது டிவிஷன் இன்றும் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில் இருக்கிறது. உலகின் எந்த மூலைக்கும் குறுகிய அவகாசத்தில் கிளம்பத் தயாராக இருப்பதுதான் அதன் வேலை. தோளில் இரண்டு ஏ எழுத்துகள் கொண்ட சின்னம். முதல் உலகப் போரில் இந்த டிவிஷனில் எல்லா மாநிலத்து வீரர்களும் இருந்ததைக் குறிக்க வந்த சின்னம் அது. அந்த எல்லா என்ற சொல்லுக்குள் 555-வது பட்டாளம் வந்து சேர 30 வருடம் ஆனது.

பாராசூட் படையின் பாரம்பரியம் என்றால் இறக்கை வைத்த பதக்கமும் உயரமான பூட்ஸும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். கேவின் விட்டுச் சென்றது அதைவிடக் கனமானது. ஒருவரை ஆபத்துக்குள் அனுப்பும் அதிகாரம் உள்ளவர், முதலில் தான் போகத் தயாராக இருக்க வேண்டும். போக வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்தால், அதையும் அவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதல் பாதியைச் செய்த ஜெனரல்கள் பலர் உண்டு. இரண்டையும் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.